வாக்கியம், திருக்கணிதம், பிறை: நம்பிக்கையும் விஞ்ஞானமும் உண்மையில் எங்கே முட்டுது?

#1 உப்புவெளியான்

சமயமும் விஞ்ஞானமும் ஒத்துப்போகுமா என்று பொதுவாகக் கேட்டால் ஐம்பது பக்கம் ஓடும், ஒருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார்கள். அதனால் சுருக்கி வைக்கிறேன். ஒரே விரதத்துக்கு வாக்கியப் பஞ்சாங்கம் (பழைய மனப்பாட வாக்கியங்களால் கணிப்பது) ஒரு நாளையும் திருக்கணிதம் (வானத்தில் காண்பதோடு ஒத்துவரத் திருத்திக் கணிப்பது) மற்ற நாளையும் சொல்லுகிற வருடங்கள் திருகோணமலையில் எல்லாருக்கும் பழக்கம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு நெருங்கினால் பிறை தென்பட்டதா என்று இரவிரவாக போன் அடிக்கும். இரண்டும் ஒரே சந்திரனைப் பற்றிய பேச்சுத்தான்.

சந்திரன் இப்போது எங்கே நிற்கிறது என்பது ஒரு கேள்வி. அது அங்கே நின்றால் நாங்கள் என்ன செய்யவேணும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் பிரித்துவிட்டால் சண்டையில் எவ்வளவு மிஞ்சும்? கணக்குத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "எல்லாம் அவன் செயல்", "எல்லாம் மூடத்தனம்" இரண்டும் வேண்டாம்.

#2 நாழிகை

வாக்கியத்திலிருந்து தொடங்குவோம். அதைத் திட்டுகிறவர்களில் பலருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது.

சந்திரன் பூமிக்கு மிகத் தூரமான புள்ளியிலிருந்து புறப்பட்டு மறுபடி அந்தப் புள்ளிக்கு வர ஏறத்தாழ 27.55 நாள். இப்படி ஒன்பது சுற்று 248 நாளுக்கு மிகக் கிட்ட வரும். ஆகவே 248 நாளுக்கு நாளொரு வாக்கியமாக எழுதி மனப்பாடம் செய்தால் போதும், பிறகு அதே வரிசை திரும்பும். ஒவ்வொரு வாக்கியமும் கடபயாதி எழுத்தெண்ணில் ஒரு பாகை அளவு. முதல் வாக்கியம் "கீர்ந: ச்ரேய:" என்பது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). இரண்டாம் நாள் "தேநவ: ஸ்ரீ:", 24 பாகை 9 கலை. கடைசி "பவேத் ஸுகம்", முழுச் சுற்றுகள் போக 27 பாகை 44 கலை. சந்திரனின் சராசரி வேகத்தை 248 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஒரு கலை பிசகாமல் அது வரும். வரருசி பெயரில் வழங்கும் இந்த வரிசையைப் பின்னாளில் கேரளக் கணிதர் சங்கமக்கிராம மாதவன் விகலை (கலையில் அறுபதில் ஒன்று) வரை நுட்பமாக்கினான்.

கருவி இல்லாமல், தாளில்லாமல், தலைக்குள் வைத்திருந்த அட்டவணை இது. குறை எங்கே என்றால், இதிலே சந்திரனின் ஓட்டத்துக்கு ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு: நீள்வட்டப் பாதையால் வரும் வேக வித்தியாசம். சூரியனின் இழுப்பால் வருகிற மற்றத் திருத்தங்கள் இல்லை.

#3 பாலையூற்று வாசகன்

ஐயா, அந்த மற்றத் திருத்தங்கள் எவ்வளவு பெரிது? "கொஞ்சம் பிழை" என்று எல்லாரும் சொல்கிறார்கள், அளவை ஒருவரும் சொல்வதில்லை.

#4 நாழிகை

தம்பி, பெரியது மூன்று. முதலாவது 1.27 பாகை வரை. இரண்டாவது 0.66 பாகை. மூன்றாவது, பூமி சூரியனைச் சுற்றும் வேகம் மாறுவதால், 0.19 பாகை.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம், 12 பாகைக்கு ஒரு திதி. அந்தக் கோணம் மணிக்கு அரைப் பாகை அளவில் வளர்கிறது. ஆகவே ஒரு பாகை பிழை என்றால் திதி முடியும் நேரத்தில் இரண்டு மணித்தியாலம்.

இதில் கவனிக்க வேண்டியது, பிழை எல்லாத் திதியிலும் ஒரே அளவில் இல்லை. பழைய சித்தாந்தக்காரர் (வானியல் நூல் எழுதியவர்கள்) சந்திரனின் திருத்தத்தைக் கிரகணங்களைப் பார்த்து அளந்தார்கள். கிரகணம் வருவது அமாவாசையிலும் பூரணையிலும் மட்டுமே. அந்த இரண்டு இடத்தில் முதல் திருத்தம் நீள்வட்டத் திருத்தத்தோடு கலந்து அதைக் குறைத்துவிடும்: 6.29 இல் 1.27 கழிந்து 5 பாகை. பழைய நூல்களில் இருப்பதும் ஏறத்தாழ அதே 5 பாகைதான். ஆனால் அட்டமியில் அது கழியாமல் கூடுகிறது, 7.5 பாகைக்கு மேல் போகும். வாக்கியம் அங்கேயும் 5 என்றே வைக்கும். இரண்டரைப் பாகை இடைவெளி, அதாவது மோசமான மாதத்தில் ஐந்து மணித்தியாலம்.

அதனால்தான் அமாவாசை, பூரணை விரதங்களில் இரு பஞ்சாங்கமும் பெரும்பாலும் ஒரே நாளைச் சொல்லும். கிருஷ்ண ஜெயந்தி, சட்டி, ஏகாதசி என்று நடுத்திதிகளில் பிரியும். இரண்டாவது திருத்தம் உச்சத்துக்கு வருவது சதுர்த்தி, ஏகாதசியை ஒட்டி.

#5 கோட்டடி

"பாண விருத்தி ரச க்ஷயம்" (பாணம் என்றால் ஐந்து, ரசம் என்றால் ஆறு) என்கிற விதி இதிலிருந்துதான் வருகிறது. ஒரு திதி 60 நாழிகைக்கு மேல் ஐந்து நாழிகை வளரலாம், கீழே ஆறு நாழிகை தேயலாம். அதாவது 26 மணித்தியாலத்திலிருந்து 21 மணி 36 நிமிடம் வரை. உண்மையான வானத்தில் திதி 20 மணித்தியாலம் வரை சுருங்கும், 26 மணி 45 நிமிடத்தையும் தாண்டி நீளும். திருக்கணிதக்காரர் சொல்லும் நேரத்தைப் பார்த்து "சாத்திரத்துக்கு விரோதம்" என்று சிலர் எடுக்கிற ஆயுதம் இந்த வரி. ஐந்து பாகைத் திருத்தத்தை வைத்துக் கணித்தவர்களுக்கு அது சரியான வரம்பு. சந்திரன் அந்த வரம்பை ஒப்புக்கொண்டு ஓடவில்லை.

#6 பாலையூற்று வாசகன்

அப்படியானால் வாக்கியத்தைக் கைவிட்டால் முடிந்தது. ஏன் வைத்திருக்கிறோம்?

#7 கோட்டடி

முடியாது தம்பி, இரண்டு காரணம்.

ஒன்று, எல்லா வித்தியாசமும் பிழை இல்லை. சித்திரைப் புதுவருடம் பிறக்கும் நேரம் இரு பஞ்சாங்கத்திலும் வேறாக வருவது எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு பங்கு ஆண்டின் நீளம்: வாக்கியத்தில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன், இன்றைய அளவீட்டில் 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 செக்கன். மற்றப் பங்கு மேஷத்தின் தொடக்கப் புள்ளியை எங்கே குத்துவது என்பது. வானத்தில் மேஷம் தொடங்கும் இடத்தில் கோடு ஒன்றும் இல்லை. 1952 இல் இந்திய அரசு மேக்நாத் சாகா தலைமையில் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1956 மார்ச் 21 க்கு அயனாம்சம் (சம இரவுப் புள்ளிக்கும் மேஷத் தொடக்கத்துக்கும் இடையே உள்ள தூரம்) 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்தது. அது ஒரு தீர்மானம், கண்டுபிடிப்பு இல்லை. சாகா கடவுள் நம்பிக்கை இல்லாத பௌதிகவியலாளர் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஆகவே அயனாம்சத்தில் "விஞ்ஞானப்படி இதுதான் சரி" என்று திருக்கணிதக்காரர் மார்தட்டினால் அது அளவுக்கு மீறிய பேச்சு.

இரண்டு, கோயில் வழக்கம். எந்தப் பஞ்சாங்கம் என்பது சங்கற்பத்தோடு வந்த ஏற்பாடு. அதை மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் குருமாரும் கோயில் சபையும். விஞ்ஞான ஆசிரியர் அல்ல.

#8 நிலாவெளி வடக்கு

அண்ணை சொன்ன முதல் காரணம் சரி, இரண்டாவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வழக்கம் என்றால் எந்தக் காலத்து வழக்கம்?

683 அளவில் கேரளத்தில் ஹரிதத்தர் பரஹிதம் என்கிற கணிப்பு முறையைக் கொண்டுவந்தார். நூற்றாண்டுகள் போக, அதன் கணக்குக்கும் கண்ணுக்குத் தெரிவதற்கும் இடைவெளி விழுந்தது. வடசேரிப் பரமேசுவரன் ஐம்பது வருடத்துக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து 1431 இல் திருக்கணித முறையை எழுதினார். வெள்ளைக்காரன் வருமுன், விஞ்ஞானம் என்று ஒருவரும் பேசுமுன், நம்பூதிரி ஒருவர் செய்த திருத்தம் அது. கணக்கு வானத்தோடு ஒத்துவராவிட்டால் கணக்கைத்தான் மாற்றவேணும் என்பது சாத்திரத்துக்குள்ளேயே இருந்த வழக்கம். 499 இல் ஆரியபடரும் கிரகணத்தை நிழல் என்றே கணித்தார். ராகுவைக் கணக்கில் சேர்க்கவில்லை. புராணம் ஒரு பக்கம், கணிதம் ஒரு பக்கம் என்று ஒரே வீட்டில் இருந்திருக்கிறது. இன்றைக்கும் பல வாக்கியப் பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துப் போடுகின்றன. கிரகணத்தைத்தானே ஊரெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறது. அட்டமி முடிவதை யார் பார்க்கிறார்கள்?

#9 நாழிகை

நிலாவெளித் தம்பி சொன்னதற்கு ஒரு அளவும் இருக்கிறது. 1825 மே 31 இரவு சந்திரகிரகணம். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் நிலத்தில் சோகிகளை அடுக்கி, அட்டவணைகளை மனத்திலிருந்தே எடுத்து, ஜோன் வாரன் என்கிற அதிகாரிக்கு முன்னால் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம் பிந்தியது, நடுவில் 23 நிமிடம் முந்தியது, முடிவில் 52 நிமிடம் முந்தியது. ஒரு தாள்கூட எடுக்காத கணக்கு. இன்றைய அளவோடு வைத்தால் பிழைதான், ஆனால் கைதட்டவேண்டிய பிழை.

ஒப்பிட: 2025 செப்டெம்பர் 7 கிரகணம் இரவு 9.57 க்குப் பிடித்து, 11 மணிக்கு முழுதாக மறைந்து, 12.22 க்கு வெளிக்கத் தொடங்கி, 1.26 க்கு விட்டது. பல வருடங்களுக்கு முன்னமே அச்சிட்ட நேரம், நிமிடம் மாறவில்லை.

#10 நிலாவெளி வடக்கு

சந்திரனாவது பரவாயில்லை. கிரகங்களில் வாக்கியம் இன்னும் தூரம் விலகிவிட்டது. சனிப்பெயர்ச்சி மகரத்துக்கு திருக்கணிதத்தில் 2020 ஜனவரி 24, வாக்கியத்தில் 2020 டிசம்பர் 27. பதினொரு மாதம்! திருநள்ளாற்றில் விழா நடந்தது வாக்கியப்படி.

இதைக் கண்ணாலேயே சோதிக்க ஒரு நாள் வாய்த்தது. 2020 டிசம்பர் 21 மாலை மேற்கே வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் ஒட்டி நின்றன. வாக்கியப்படி வியாழன் நவம்பர் நடுவிலேயே மகரத்துக்குப் போய்விட்டது, சனியோ இன்னும் தனுசில். வியாழன் பல பாகை முன்னே போயிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாய் நின்றதற்கு அயனாம்சத்தைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் தொடக்கப் புள்ளியை எங்கே வைத்தாலும் இரண்டு கிரகத்துக்கும் இடையே உள்ள தூரம் மாறாது. தெரிவு எது, பிழை எது என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. (எங்கள் பக்கம் டிசம்பர் மழைமுகில் என்பது வேறு கதை.)

#11 கிண்ணியாப் பிறை

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். சந்திரன் சூரியனோடு சேரும் நேரம் செக்கன் கணக்கில் தெரியும், அதில் உலமாக்களுக்கும் சண்டை இல்லை. ஆனால் விதி சேர்க்கையைச் சொல்லவில்லை: பிறை கண்டு நோன்பு பிடி, பிறை கண்டு நோன்பு விடு, முகில் மறைத்தால் மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய். ஆகவே கேள்வி "பிறந்ததா" அல்ல, "தெரிந்ததா".

தெரியுமா என்பதற்குப் பிறையின் வயதை (சேர்க்கைக்குப் பிறகு கழிந்த நேரத்தை) மட்டும் பார்ப்பது அரைகுறை. பார்க்க வேண்டியவை: சூரியனிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறது (ஏழு பாகைக்குக் கீழே பிறை வடிவமே உருவாகாது என்பது டான்ஜோன் எல்லை), சூரியன் மறையும்போது அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம், சூரியனுக்குப் பிறகு எத்தனை நிமிடம் நிற்கும். மலேசியா, இந்தோனேசியா பக்கம் இப்போது 3 பாகை உயரம், 6.4 பாகை விலகல் என்று வைத்திருக்கிறார்கள். 2016 இல் துருக்கியில் கூடிய மாநாடு 5 பாகை, 8 பாகை என்றது. இரண்டுக்கும் நடுவில் விழுகிற மாதங்களில்தான் ஊர் இரண்டுபடும்.

#12 உப்புவெளியான்

நானா, திருகோணமலையில் கடற்கரையில் நின்று பிறை பார்ப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே?

#13 கிண்ணியாப் பிறை

கடல் எங்களுக்குக் கிழக்கே தம்பி, பிறை விழுவது மேற்கே. கோணேசர் மலையில் நின்றால் பூரண நிலா கடலிலிருந்து எழும்புவது அருமையாகத் தெரியும், முதல் பிறைக்கு முதுகைத் திருப்பி ஊரைப் பார்க்க வேண்டும். மேற்கே மரமும் கட்டடமும். 15 மீற்றர் தென்னை 150 மீற்றர் தூரத்தில் நின்றால் அடிவானத்தில் ஐந்தரைப் பாகைக்கு மேல் மறைத்துவிடும். பிறை நிற்பதே அந்த உயரத்துக்குள். கிண்ணியாவில் தம்பலகாமக் குடா மேற்கே விரிகிற கரைகள் பரவாயில்லை. மன்னார், புத்தளம், கற்பிட்டிப் பக்கத்துக்கு மேற்கே திறந்த கடல். சூரியன் அங்கே ஐந்தாறு நிமிடம் பிந்தி மறைவதால் பிறைக்கு ஒன்றும் வயது கூடிவிடாது, வெளியான அடிவானம்தான் விசயம்.

நேரமும் முக்கியம். சூரியன் மறைந்த உடனே வானம் பளிச்சென்றிருக்கும், பிந்தினால் பிறை தூசிக்குள் இறங்கிவிடும். பிறை தெரிவதை ஆராய்ந்த வானியலாளர் யாலொப் சொன்ன வழி: பிறை நிற்கும் நிமிடத்தை ஒன்பதாகப் பிரித்து நாலு பங்கு எடு. 45 நிமிடம் நின்றால் சூரியன் மறைந்து 20 ஆம் நிமிடம். பைனாகுலர் பிடிக்கிறவர்கள் சூரியன் முழுதாக மறையுமுன் மேற்கே திருப்பவே கூடாது, கண் போய்விடும். போனில் அப் காட்டுகிற அம்புக்குறியை நம்பித் தேடுவதிலும் ஒரு வில்லங்கம்: காந்த உறையோ வாகனமோ கிட்ட இருந்தால் திசை பத்துப் பாகை பிசகும். சூரியன் மறைந்த இடத்தை ஒரு மரத்தோடு பொருத்தி வைத்து, அதிலிருந்து கை நீட்டிப் பிடித்த முட்டியால் (ஒரு முட்டி பத்துப் பாகை) அளப்பது நம்பகமானது.

#14 பாலையூற்று வாசகன்

கணக்கு "தெரியாது" என்று சொல்லியும் ஒருவர் கண்டேன் என்று சாட்சி சொன்னால்?

#15 கிண்ணியாப் பிறை

இதற்குப் பழைய பதில் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) பெரிய சட்ட அறிஞர் தகிய்யுத்தீன் சுப்கி, 1355 இல் இறந்தவர், சொன்னது: பிறை தெரிவது சாத்தியமே இல்லை என்று கணக்கு உறுதியாகக் காட்டினால் சாட்சியைத் தள்ளவேண்டும். கணக்கு உறுதியானது, சாட்சி தவறக்கூடியது. இலங்கையில் பெரும்பாலோர் ஷாபிஈ என்பதால் இது எங்களுக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. ஆனால் பின்வந்த ஷாபிஈ அறிஞர்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது.

என் கருத்து: மறுப்பதற்குக் கணக்கு, உறுதிப்படுத்தக் கண். சூரியனுக்கு முன்னமே சந்திரன் மறைந்த மாலையில் சாட்சி எடுக்க உட்காருவது நேரத்தை வீணாக்கும் வேலை.

#16 திருமலைச் சந்தேகி

எல்லாரும் வசதியான இடத்திலேயே நின்று பேசுகிறீர்கள். நாள் குறிப்பதில் முட்டல் வராது, ஏனென்றால் அது விதி. சனி மகரத்துக்குப் போனால் உனக்கு வேலை போகும் என்றால் அது விதி அல்ல, உலகத்தைப் பற்றிய கூற்று. கூற்றைச் சோதிக்கலாம், சோதித்தும் இருக்கிறார்கள். வானியலாளர் ஜயந்த் நார்லிகர் குழு புனேயில் 200 பிள்ளைகளின் சாதகம் எடுத்தது. பாதி கெட்டிக்காரப் பிள்ளைகள், பாதி மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள். ஒரு சோதிடருக்கு 40 சாதகம், எது எது என்று பிரிக்கவேண்டும். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரி 46 சதவீதம் சரி. காசு சுண்டிப்போட்டால் 50.

கன்னியா வெந்நீர்க் கிணறும் அப்படியே. இராவணன் வாளால் குத்தியது என்பது கதை, அந்தியேட்டிக்குப் போகிறவர்கள் கதைக்காகப் போகட்டும். நீர் ஏன் சுடுகிறது என்றால், மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. இலங்கையில் எரிமலை இல்லை. அதில் குளித்தால் இன்ன நோய் தீரும் என்று பலகை வைத்தால், அப்போது நான் ஆதாரம் கேட்பேன்.

#17 கோட்டடி

ஒப்புக்கொள்கிறேன். சந்தேகி ஐயா சொல்லாத மறுபக்கம், விஞ்ஞானத்தை இழுத்துச் சமயத்துக்கு முட்டுக்கொடுப்பதும் அதே குழப்பம்தான். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927 இல் சமன்பாட்டில் காட்டிய லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951 இல் பாப்பரசர் 12 ஆம் பயஸ், அந்தக் கோட்பாடு படைப்புக்குச் சான்று என்கிற தொனியில் உரையாற்றினார். லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. கோட்பாடு நாளைக்கு மாறினால் விசுவாசமும் மாறுமா என்ன? நடராசர் தாண்டவத்தில் அணுவைக் காண்கிறவர்களும் இதை யோசிக்கலாம்.

#18 நாழிகை

கிரகணத்தில் நம்பிக்கையும் கண்ணும் மோதுகிற இடம் ஒன்று விட்டுப்போச்சு. நடை சாத்துவது, தருப்பை போடுவது, விட்டபின் முழுகுவது இவற்றால் யாருக்கும் கேடில்லை. கேடு வருவது கர்ப்பிணியைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மணிக்கணக்கில் அறைக்குள் வைப்பதாலும், மறுபக்கத்தில் எக்ஸ்ரே பிலிமைப் பிடித்துச் சூரியனைப் பார்ப்பதாலும். 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணம். வளையமாக நிற்கும்போதும் வெளியே இருக்கிற ஒளி விழித்திரையைச் சுடப் போதும், சுடும்போது நோவும் தெரியாது. மட்டையில் ஊசித்துளை போட்டு ஒரு மீற்றர் தள்ளி வெள்ளைத் தாளில் விழுத்துங்கள், 9 மில்லிமீற்றர் அளவில் சூரியன் தெரியும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் கலங்கும்.

#19 பாலையூற்று வாசகன்

கடைசியாக ஒன்று. சாதகம் கணிக்கிற அப்களில் இலங்கைப் பிறப்புக்கு லக்கினம் (பிறந்த நேரம் கிழக்கே உதிக்கும் ராசி) மாறி வருகிறதே, அது வாக்கியப் பிழையா?

#20 கோட்டடி

இல்லை, மணிக்கூட்டுப் பிழை. 1996 மே 25 இல் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அதே வருடம் ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள், 2006 ஏப்ரல் 15 இல்தான் பழைய நேரம் திரும்பியது. இந்தியாவுக்கென்று செய்த அப் எப்போதும் ஐந்தரை மணி என்றே எடுக்கும். முதல் காலத்துப் பிறப்பானால் ஒரு மணித்தியாலத்தையும் பிந்தியதில் அரை மணித்தியாலத்தையும் கழித்துப் போடவேண்டும். லக்கினம் ஒரு ராசியில் இரண்டு மணித்தியாலம் அளவில் நிற்பதால் அரை மணித்தியாலம் பிசகினால் நாலில் ஒரு சாதகத்தில் லக்கினமே மாறும், நவாம்சம் (ராசியில் ஒன்பதில் ஒரு பங்கு) 13 நிமிடத்துக்கு ஒன்று என்பதால் அது கட்டாயம் மாறும்.

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஆகவே அந்தக் காலத்துச் சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பிறப்பு என்றால் கழிக்குமுன் எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்கள் என்று வீட்டில் கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவு என்றால் பெரும்பாலும் அரசு நேரம்.